ஒரு கொடிவழியும் மூன்று பெண்களும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று மேற்குத் திசையை நோக்கினால், சமவெளிக்கு அப்பால் பழனிமலைத் தொடர் நீலச் சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அம்மலைமேல் உள்ள கொடைக்கானலில், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், 89 வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர் காலமானார். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரே அவர்.

மாணவ நண்பர்களே! பெரியோர் ஒருவரின் வரலாற்றை அவர் பிறந்த நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். நானோ, ஆற்றை எதிர்த்து நடப்பவனைப்போல், அவர் மறைந்த இடத்திலிருந்து அவருடைய முன்னோரை நோக்கிச் சென்றேன்.

அமெரிக்கர் இம்மலைக்கு வந்ததன் காரணம் நம் சமவெளியிலேயே இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் பணிபுரிந்த அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தனர். எஞ்சியோர் உயிர் பிழைக்கக் குளிர்ந்த இடம் தேடி, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். பின்னாளில் இருப்புப்பாதை அமைந்தபோது, அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, பிறகு மேலேறுவர். அந்த நிலையமே இன்று கொடைரோடு எனப்படுகிறது.

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர். 1819இல் தம் மனைவி ஹாரியட்டுடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். பண்டத்தரிப்பில் மருத்துவம் புரிந்தார். 1836இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய புதல்வர் எழுவர் இந்நாட்டிலேயே தொண்டாற்றினர். அவருள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா.

இத்தகைய குடும்பத்திற் பிறந்த பெண், முன்னோர் வழியிலேயே சென்றிருப்பார் என்று நீங்கள் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. சிறு வயதில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட அவர், அமெரிக்காவில் சுகமாக வாழவே விரும்பினார். நோயுற்ற தாய்க்குத் துணையாகவே 1890இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவில், ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்ல அவர்களுள் எவருக்கும் மனமில்லை; ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபின் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அவருடைய வாழ்க்கை அன்று திரும்பியது. 1899இல் நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் வந்திறங்கினார். வேலூரில் ஒரு சிற்றறையில் தொடங்கிய சிகிச்சை, 1902இல் மருத்துவமனையாயிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. அது கல்லூரியாக உயர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக் கொண்டது.

ஸ்கடர் குடும்பத்தின் கொடிவழியைப் பெயரும் ஆண்டும் குறித்து எழுதிவிடலாம். ஆனால் அக்கொடியைப் புதிய திசையில் படரச் செய்த அம்மூன்று பெண்களின் பெயர்கள் நாம் வழக்கமாகக் கேட்கும் வரலாற்றில் இல்லை. இதை எண்ணியபோது என் குடும்பத்துக் கொடிவழியை எடுத்துப் பார்த்தேன். ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. பிரசவத்தில் இறந்த என் பாட்டியின் தாயாரது பெயர் இல்லை, சொல்வாரும் இல்லை.

ஆகவே, மாணவர்களே, இன்றே உங்கள் பாட்டிமாரிடம் அமர்ந்து, அவர்களுடைய தாயார், தாயாரின் தாயார் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.