காய்ச்சல் அறிக்கை முதல் தோல் கழிவு வழக்கு வரை: திண்டுக்கல்லில் நோயை அளந்த நிலக்கணக்கு

1816ஆம் ஆண்டு லண்டனில் ஓர் அறிக்கை அச்சிடப்பட்டது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சலின் காரணங்களை ஆராயச் சென்னை அரசு அமைத்த குழுவின் அறிக்கை அது. அதன் தலைப்பில் மருத்துவம், புவியியல், வேளாண்மை ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. காய்ச்சல் பற்றிய ஆவணத்தில் வேளாண்மைக்கு என்ன வேலை? காலனியம் நம் மக்களின் மருத்துவ வாய்ப்பை எவ்வாறு வடிவமைத்தது என்று ஆராய விரும்பும் மாணவர்கள் இக்கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வழியே திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. கம்பெனியின் முதன்மை வருவாய் நிலவரி. உழைப்பவர் மடிந்தால் நிலம் தரிசாகும், வரி குறையும். குழுவினர் பருவம் தவறிய மழையையும் தேங்கிய நீரையும் காடுகளையும் ஆராய்ந்து, அவற்றிலிருந்து எழும் நச்சுக்காற்றே காரணம் என்றனர். இதற்காக அவர்களைப் பழிப்பதற்கில்லை. கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் கண்டதே 1897இல்தான். ஆனால் நோயை நிலத்தின் கணக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம், நச்சுக்காற்றுக் கொள்கை மறைந்த பின்னரும் மறையவில்லை.

அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரான வில்லியம் எய்ன்ஸ்லி, 1813இல் இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலொன்றைச் சென்னையில் வெளியிட்டவர். அதில் மருந்துகளின் தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தார். நூறாண்டுகள் கழித்து வந்த 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டமோ, மேலை மருத்துவம் கற்றோரை மட்டுமே பதிவுபெற்ற மருத்துவராக ஏற்றது. மருந்தின் பெயரை ஏட்டில் ஏற்றிக்கொண்ட அரசு, அதைக் கையாண்ட நாவிதரையும் மருத்துவச்சியையும் ஏட்டுக்கு வெளியே நிறுத்தியது.

1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் நிலத்தின் மீது தீர்வை விதித்து, அந்நிதியைச் சாலை, பள்ளி, மருந்தகம் ஆகியவற்றுக்கு ஒதுக்கியது. தீர்வை செலுத்துவோர் நிலவுடைமையாளர். மருந்தகம் எங்கே அமைய வேண்டும் என்பதில் யாருடைய சொல் எடுபட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1866இலேயே நகராட்சியான திண்டுக்கல்லில், அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு செஸ்டர் மருந்தகம் நடத்திவந்தார். சமவெளிச் சேரியிலிருந்து நோயாளி ஒருவர் நகரை அடைய வேண்டுமென்றால், முதலில் பொதுத் தெருக்களில் நடக்கும் உரிமை வேண்டும். அவ்வுரிமையைக் கோரி இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். பொதுச் சாலை, கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோருக்குத் தடையில்லை என்று அரசே அறிவிக்க வேண்டிய நிலை அப்போதும் இருந்தது. மருத்துவ வரலாற்று நூல்களில் இத்தீர்மானத்துக்கு இடமில்லாமல் போவது நமக்கு வியப்பளிக்கிறது.

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழில் இக்கதையின் அடுத்த பகுதி. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஈயம், பாஸ்பரஸ் நச்சேற்றங்களோடு, தோல் கையாள்வோரைத் தாக்கும் ஆந்த்ராக்ஸ் நோயையும் தொழில்சார் நோயாக ஏற்றது. சட்டத்தில் இடமிருந்தும், வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத கூலித் தொழிலாளி தாம் அங்கே வேலை செய்ததையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும்.

பின்னர் வந்தது வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பொன்று எடுத்த கணக்கெடுப்பு மேற்கோள் காட்டப்பட்டுள்ளது: குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. (தீர்ப்பில் ஊர்ப்பெயர் பிழையாக அச்சாகியிருப்பதால், தேடுவோர் கவனமாகப் படிக்க வேண்டும்.) ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. தீர்ப்பின் முதன்மை வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இழப்பீட்டுக்குப் பட்டாவும் விளைச்சலும் ஆதாரமாகும்போது, அதே கிணற்று நீரைக் குடித்த நிலமற்ற குடும்பம் எந்த ஆவணத்தைக் காட்டும்?

இன்று திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையமும், 30,000 பேருக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையமும் என்பது விதிமுறை. தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆனால் வாசலில் தடுக்கும் மனிதரைத்தான் அப்பிரிவு பிடிக்கும். கட்டடத்தை ஊர்த்தெருவின் நடுவில் எழுப்பிய முடிவை அது பிடிக்காது.

ஆகவே கள ஆய்வில் இறங்கும் தோழர்கள் இரண்டு ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். சுகாதாரத் துறையிடம் ஒன்றியவாரியாகத் துணைச் சுகாதார நிலையங்களின் பட்டியலை, கட்டடம் அமைந்துள்ள நிலத்தின் புல எண்ணோடு கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதே கிராமங்களின் ஆதிதிராவிடர் நத்தம் புல எண்களைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்து, நோயாளி கடக்க வேண்டிய தெருக்களையும் அதில் எழுதுங்கள்.