இரண்டு காதுக்கு ஏழு ஸ்பீக்கரா?

அக்காள் மகன் தீபாவளி அங்பாவ் காசை இரண்டு வருடம் சேர்த்து வைத்து ஒரு கேமிங் ஹெட்செட் வாங்கினான். ஏறக்குறைய முந்நூறு வெள்ளி. இரண்டு பக்கமும் நிறம் மாறி மாறி எரியும் விளக்கு, மடக்கி நீட்டுகிற மைக், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '7.1 சரவுண்ட்', அதன் கீழே '50 மில்லிமீட்டர் டிரைவர்'. தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டு மேசையில் அதற்குப் பக்கத்தில் கிடப்பது என் ஹெட்போன், சென்ஹைசர் எச்டி 560 எஸ். கறுப்பு பிளாஸ்டிக், நீளமான வயர். விளக்கு இல்லை, மைக்கும் இல்லை. பார்ப்பவர்கள் பழைய சாமான் என்றே நினைப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு விளையாட்டின் நடுவே என் ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "மாமா, மேல் மாடியில ஒருத்தன் நடக்கிறான், வலது பக்கம்" என்றான். அவனுடைய ஹெட்செட்டிலும் அந்தக் காலடி கேட்கத்தான் செய்தது. ஆனால் எங்கேயோ நடப்பதாகத்தான் கேட்டது. மாடி என்பதும் வலது என்பதும் அதில் பிடிபடவில்லை.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியில் ஏழு ஸ்பீக்கர் கணக்குப் போட்டிருந்தாலும், இந்த மாதிரி ஹெட்செட்டைப் பிரித்தால் உள்ளே காதுக்கு ஒன்றாக இரண்டு டிரைவர்தான், அதாவது சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம்தான், இருக்கும். மீதி எல்லாம் மென்பொருள் செய்கிற கணக்கு. அந்தக் கணக்கைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நம் தலையும் அதைத்தான் செய்கிறது. வலப்பக்கச் சத்தம் இடது காதுக்கு வர, நொடியில் சுமார் 1500-ல் ஒரு பங்கு நேரம் பிந்துகிறது. கொஞ்சம் மெலிந்தும் வருகிறது. மேலா கீழா, முன்னா பின்னா என்பதைக் காது மடலின் மடிப்புகள் சத்தத்தில் விடும் தடயத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கிறது. இந்தத் தடயங்களைக் கணித்துச் சாதாரண ஸ்டீரியோவுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் வசதி கவுன்டர் ஸ்டிரைக் விளையாட்டுக்கு 2016-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 10-இல் 2017 முதல் விண்டோஸ் சானிக் என்று இலவசமாகவே இருக்கிறது. விளையாட்டு ஒரு முறை கணக்குப் போட்டு அனுப்புவதை எடுத்து, ஹெட்செட் மென்பொருள் அதன் மேல் இன்னொரு கணக்குப் போட்டால் தடயம் கலைந்துபோகும். மருமகனுக்கு நடந்தது அதுதான். 7.1 பொத்தானை அணைத்ததும் அவனுடைய ஹெட்செட்டே பாதி தேறிவிட்டது. புதிதாக ஏதாவது வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். காசு செலவில்லை.

மீதிப் பாதி பேஸ். வெடிச் சத்தம் நெஞ்சில் அதிர வேண்டும் என்பதற்காக அந்த ஹெட்செட்டில் கீழ்ச்சுருதியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கடையில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்ப்பவருக்கு அது பிடித்துவிடும். ஆனால் பலமான கீழ்ச்சுருதி தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும். காதின் இயல்பு அது. உறுமி முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சு காதில் விழாது அல்லவா, அதே கதைதான். காலடியும் துப்பாக்கியில் தோட்டா மாற்றும் 'க்ளிக்'கும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. எச்டி 560 எஸ்ஸில் பேஸ் அளவோடு நிற்கிறது, அதனால் மேலே உள்ளது தெரிகிறது. அதன் டிரைவர் 38 மில்லிமீட்டர்தான். பெரிய டிரைவர் என்றால் பெரிய ஒலி என்று பெட்டி சொல்லாமல் சொல்வதை நம்பினால் 50 மில்லிமீட்டர்தான் ஜெயித்திருக்க வேண்டும். விட்டத்தை விட, டிரைவரின் சவ்வு எதனால் ஆனது, அதன் பின்னால் காற்று எப்படிப் போகிறது, எந்தச் சுருதிக்கு எவ்வளவு இடம் கொடுத்துப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள் என்பதே பெரிது.

விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலியை அளந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விலைக்கும் சுருதிச் சமநிலைக்கும் தொடர்பு இல்லை என்பது அதன் முடிவு. ஆகவே எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, கொடுத்த காசு எதற்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். கேமிங் ஹெட்செட்டில் அதே முந்நூறு வெள்ளி விளக்கு, மைக், மென்பொருள், யூஎஸ்பி ஒலி அட்டை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் பங்கு பிரிகிறது. ஹெட்போனில் டிரைவருக்கும் பஞ்சுக்கும் சட்டத்துக்கும் போகிறது.

எங்கள் வீட்டில் அந்தக் கணினி விளையாட்டுக்கு மட்டும் இல்லை. பகலில் பாட்டும் அதில்தான். சிங்கப்பூரில் படமாக்கிய 'ப்ரியா' படம் 1978-இல் வந்தது. தமிழ்ப் படப் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த பெருமை அதற்கும் இளையராஜாவுக்கும் உண்டு. இரண்டே தடம், அதற்குள் ஒரு முழு மேடை. அந்தப் பாடல்களை ஹெட்செட், ஹெட்போன் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கேமிங் ஹெட்செட்டில் பேஸ் கிட்டார் ஜேசுதாஸின் குரல் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வயலின்கள் ஒரே கட்டியாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. மற்றதில் குரல் நடுவில் நிற்கிறது, அவர் மூச்சு வாங்குவதும் கேட்கிறது. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

கேமிங் பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாட மைக் வேண்டும். வயர் இல்லாமல் விளையாட அவர்கள் தருகிற தனி யூஎஸ்பி ரிசீவரில் தாமதம் மிகக் குறைவு. சாதாரண புளூடூத்தில் சுட்ட பிறகுதான் சத்தம் வரும். பெயரில் 'கேமிங்' இருப்பதால் மட்டும் ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் நல்ல பெயர் எடுத்ததற்குக் காரணம், அதன் உடம்பு டாக்ஸ்டார் புரோ 80 என்ற ஸ்டூடியோ ஹெட்போன். ஜெர்மனியின் பேயர்டைனமிக் தன் டிடி 770-ஐ அடிப்படையாக வைத்து எம்எம்எக்ஸ் 300 என்ற கேமிங் ஹெட்செட்டைச் செய்தது. நல்ல ஹெட்போனுக்கு மைக் பூட்டினால் அது நல்ல ஹெட்செட்.

நம் ஊர் வெக்கையும் கணக்கில் வர வேண்டும். மருமகனுடைய ஹெட்செட்டின் செயற்கைத் தோல் பஞ்சு ஒன்றரை வருடத்தில் உரிய ஆரம்பித்தது. கறுப்புச் செதில்கள் வியர்வையோடு காதில் ஒட்டிக்கொள்ளும். மாற்றுப் பஞ்சு தேடினோம், அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. என்னுடையதில் வெல்வெட் மாதிரித் துணி, காற்று போகும், கழற்றி மாற்றலாம், வயரையும் மாற்றலாம். சென்ஹைசரின் எச்டி 600 வந்தது 1997-இல். இன்றும் விற்கிறது, அதன் உதிரிப்பாகமும் கிடைக்கிறது.

ஆனால் எச்டி 560 எஸ் திறந்த வகை. வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடுவது வெளியே கேட்கும். தகரக் கூரையில் மழை கொட்டினால் பாட்டைக் கேட்க முடியாது. மின்விசிறி ஓயாமல் ஓடும் அறைக்கும், பக்கத்தில் குழந்தை தூங்கும் வீட்டுக்கும் மூடிய வகைதான் சரி. அதற்கு ஆடியோ டெக்னிக்கா எம்40 எக்ஸ் போன்றவற்றைப் பார்க்கலாம்.

மின்தடையைக் காட்டும் ஓம் கணக்கு ஒன்றும் உண்டு. எச்டி 560 எஸ்ஸுக்கு 120 ஓம், எச்டி 600-க்கு 300 ஓம். முதலாவது என் கணினியின் பச்சைத் துளையிலேயே போதுமான சத்தம் தருகிறது. இரண்டாவதை வாங்கினால் சின்ன ஆம்பிளிஃபயர் ஒன்றுக்கும் காசு எடுத்துவைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் காதில் மாட்டிப் பாருங்கள். இங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, இறங்கினால் கொம்தார் பக்கம் பிராங்கின் மால். அரை நாள் வேலை. கைப்பேசியில் நன்றாக மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுபோனால் போதும், கடைக்காரர் போடுகிற வெடிச் சத்தம் வேண்டாம்.

மருமகன் இன்னும் புதிதாக எதுவும் வாங்கவில்லை. இப்போது சனிக்கிழமை இரவுகளில் என்னுடையது அவன் தலையில் இருக்கிறது. அவனுடையது கழுத்தில் தொங்குகிறது, மைக் மட்டும் வாய்ப் பக்கம் வளைந்திருக்கிறது, விளக்கை அவனே அணைத்துவிட்டான்.