டட்லி தெருவின் காலி மனைகள்

ஒரு தெருவில் ஒரே ஒரு வீடு பாழடைந்து கிடந்தால் நஷ்டம் அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல. முதலில் ஜன்னல் உடையும். பிறகு யாரோ உள்ளே நுழைந்து செம்புக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போவார்கள். வாசலில் குப்பை சேரும், எலி வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை விற்கப் போனால் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆள் இருக்காது. அமெரிக்க நகராட்சிகள் இப்படிப்பட்ட இடங்களுக்கு 'பிரச்சினைச் சொத்து' என்று ஒரு பெயரே வைத்திருக்கின்றன. நோட்டீஸ் ஒட்டுவது, அபராதம் போடுவது, கடைசியில் இடித்துத் தள்ளுவது... இவைதான் வழக்கமான வைத்தியம்.

ஒரு வீடு என்றால் சரி. ஒரு பேட்டை முழுவதும் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தால் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? 1980களில் பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதியில் நிலைமை இதுதான்.

ராக்ஸ்பரியும் வடக்கு டார்செஸ்டரும் சேரும் இடத்தில் இருக்கிறது டட்லி தெரு. நகரின் மையத்திலிருந்து இரண்டு மைல்கூட இல்லை. ஒரு காலத்தில் ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும் நெருக்கமாக வாழ்ந்த இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் புறநகர்களுக்குப் போனார்கள். அங்கே வீடு வாங்க அரசாங்கமே கடனுக்கு உத்தரவாதம் தந்தது. அவர்கள் விட்டுச்சென்ற இடத்துக்குக் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களிலிருந்து ஸ்பானிஷ் பேசும் மக்களும், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்தவர்களும் குடிவந்தார்கள். இவர்களுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, 'இங்கே கடன் கொடுத்தால் திரும்பாது' என்று ஒதுக்கும் வழக்கம் 1930களிலேயே தொடங்கிவிட்டது. கடன் இல்லாவிட்டால் கூரையை மாற்ற முடியாது, வீட்டை விற்கவும் முடியாது.

விற்க முடியாத வீட்டிலும் காசு பார்க்க ஒரு வழி இருந்தது. இன்ஷூரன்ஸ்! 1970களில் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வீடுகள் வரிசையாகத் தீப்பிடித்தன. இது தற்செயல் அல்ல என்பதை முதலில் நிரூபித்தவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல, வாடகைக்குக் குடியிருந்தவர்கள். டட்லிக்குச் சற்றுத் தள்ளி ஃபென்வே பகுதியில் சிம்ஃபனி ரோடு என்ற தெரு இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பத்திரப்பதிவு ஆவணங்களைத் தோண்டி, எரிந்த கட்டடங்கள் எல்லாம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்று வரிசைப்படுத்தினார்கள். 1977இல் 33 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. அதில் வக்கீல்கள் இருந்தார்கள், சொத்து உரிமையாளர்கள் இருந்தார்கள், தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

டட்லியில் எரிந்த வீடுகளை நகராட்சி இடித்தது. இடித்த இடம் காலி மனையானது. 1980களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். இரவில் வெளியூர் லாரிகள் வந்து கட்டட இடிபாடு, பழைய ஃப்ரிட்ஜ், கெட்டுப்போன இறைச்சி வரை கொட்டிவிட்டுப் போயின. அதே தெருவில் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டு, வாசலில் பூச்செடி வைத்துச் சிலர் வாழ்ந்துகொண்டும் இருந்தார்கள். ஊர் உலகத்துக்கு அது தெரியவில்லை, குப்பைதான் தெரிந்தது.

நகராட்சி சும்மா இருந்ததா என்றால், இல்லை. அதற்கு ஒரு திட்டம் இருந்தது, அதுதான் பயமே. பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையம் 1958 முதல் 1960 வரை வெஸ்ட் எண்ட் என்ற பகுதியை 'சேரி' என்று அறிவித்து, நில ஆர்ஜிதம் செய்து, தரைமட்டமாக்கியது. சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த இடத்தில் வசதி படைத்தவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. அதே ஆணையம் டட்லி பகுதிக்கும் ஒரு பெரிய திட்டம் தயாரித்து வைத்திருப்பது 1984இல் பத்திரிகையில் கசிந்தது. ஓட்டல்கள், அலுவலகங்கள் எல்லாம் அதில் இருந்தன. அங்கே குடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

இங்கே கதைக்குள் ஒரு தரைவிரிப்பு வருகிறது. லா அலியான்சா ஹிஸ்பானா என்ற சிறிய சேவை அமைப்பு, தன் அலுவலகத்துக்குப் புதிய கார்ப்பெட் வாங்க ரைலி அறக்கட்டளையிடம் பணம் கேட்டது. நேரில் பார்க்க வந்த அறங்காவலர்கள் கார்ப்பெட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே கிடந்த மனைகளைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். பகுதி முழுவதற்கும் ஏதாவது செய்யலாம் என்று சேவை அமைப்புகளையெல்லாம் கூட்டிப் பேசி, 1984இல் 'டட்லி தெரு அக்கம்பக்க முன்முயற்சி' என்ற அமைப்புக்கு வரைவு எழுதினார்கள். நிர்வாகக் குழுவில் யார் யார் என்றுகூட முடிவு செய்துவிட்டார்கள்.

1985 பிப்ரவரியில் ஒரு தேவாலயத்தில் அந்தத் திட்டத்தை மக்கள் முன்னால் வைத்தார்கள். கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வந்ததோ கேள்விகள். சே மாடியுன் என்ற பெண்மணி எழுந்து, மேடையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சங்கடமாக இருந்தது. குழுவில் குடியிருப்பவர்களுக்கு ஒதுக்கிய இடங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை.

இதுபோன்ற சமயத்தில் பணம் கொடுப்பவர்கள் பொதுவாகக் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். ரைலி அறக்கட்டளை போகவில்லை. வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குடியிருப்பவர்களையே மறுபடி எழுதச் சொன்னது. புதிய குழுவில் அவர்களுக்கே அதிக இடங்கள். கறுப்பினத்தவர், கேப் வெர்டியர், லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர் என்று நான்கு பிரிவுக்கும் மக்கள்தொகை எவ்வளவு என்று பார்க்காமல் சமமான இடங்கள். எண்ணிக்கையில் பெரிய கூட்டம் சிறிய கூட்டத்தை விழுங்கிவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது. கேள்வி கேட்ட மாடியுனே பிறகு அமைப்பின் தலைவரானார்.

1986இல் வேலைக்கு வந்த முதல் நிர்வாக இயக்குநர் பீட்டர் மெடாஃப், வீடு கட்டுவதைப் பற்றி முதலில் பேசவில்லை. மக்களுக்கு எது உடனடித் தொல்லை என்று கேட்டார்கள், எல்லோரும் குப்பை என்றார்கள். 'எங்கள் மீது கொட்டாதே' என்ற இயக்கம் தொடங்கியது. மக்களே கையுறை மாட்டிக்கொண்டு மனைகளைச் சுத்தம் செய்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் நடந்த குப்பை மாற்று நிலையங்களை மூடச் சொல்லி நகராட்சியை விரட்டினார்கள். மேயர் ரே ஃப்ளின் 1984இல் பதவிக்கு வந்தவர், அக்கம்பக்கங்களின் மேயர் என்று பெயர் எடுக்க விரும்பியவர். அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது. நிலையங்கள் மூடப்பட்டன. சிறிய வெற்றிதான், ஆனால் நகராட்சி மீது கோபம் மட்டுமே இருந்த இடத்தில் அதைக் கொண்டு வேலை வாங்க முடியும் என்ற நினைப்பு வந்தது.

1987இல் குடியிருப்பவர்கள் ஒரு நிபுணர் குழுவை வைத்துத் தாங்களே திட்டம் தீட்டினார்கள். ஓட்டல் கோபுரங்களுக்குப் பதில் ஒரு 'நகரக் கிராமம்' வேண்டும், நடுவில் ஒரு பொதுத்திடல், சுற்றிலும் கைக்கெட்டும் விலையில் வீடுகள். நகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிலம்? 'டட்லி முக்கோணம்' என்று அழைக்கப்பட்ட மையப்பகுதியில் காலி நிலத்தில் ஏறக்குறைய பாதி நகராட்சியிடம் இருந்தது, மீதி தனியாரிடம். அதுவும் சதுரங்கப் பலகை போல ஒன்று விட்டு ஒன்று! பல உரிமையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. சில மனைகளுக்கு வரிப் பாக்கியே நிலத்தின் மதிப்பைத் தாண்டியிருந்தது. வரிப் பாக்கிக்காகப் பறிமுதல் செய்யப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். நடுவில் ஒரு மனை கிடைக்காவிட்டால் அந்த வரிசையில் வீடுகளே கட்ட முடியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எந்த நில ஆர்ஜித அதிகாரம் வெஸ்ட் எண்டை அழித்ததோ, அதே அதிகாரத்தை எங்களிடம் கொடுங்கள்! மாசசூசெட்ஸ் சட்டத்தில் 121ஏ என்ற பிரிவின்படி மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு அந்த அதிகாரத்தை அளிக்க இடம் இருந்தது. வழக்கமாகப் பெரிய கட்டுமானக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. மக்கள் மத்தியிலும் பயம் இல்லாமல் இல்லை. நில ஆர்ஜிதம் என்ற சொல்லைக் கேட்டாலே என் வீடும் போய்விடுமோ என்று வயதானவர்கள் கலங்கினார்கள். காலி மனைகளை மட்டுமே எடுப்போம், குடியிருக்கும் வீட்டைத் தொட மாட்டோம் என்று வீடு வீடாகப் போய் விளக்க வேண்டியிருந்தது. 1988 நவம்பரில் மறுசீரமைப்பு ஆணையம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன் அமெரிக்காவில் எந்தக் குடியிருப்போர் அமைப்புக்கும் இந்த அதிகாரம் கிடைத்ததில்லை.

அதிகாரம் கிடைத்துவிட்டது, ஆனால் எடுக்கும் நிலத்துக்குச் சந்தை விலை கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து நியூ இங்கிலாந்தின் ரியல் எஸ்டேட் சந்தை படுத்துவிட்டது. அரசு மானியங்களும் சுருங்கின. 1992இல் ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. குப்பையை அகற்றிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! மனைகள் சுத்தமாக இருந்தன, வேலி போட்டிருந்தன, வீடு மட்டும் வரவில்லை.

நிலத்தை வாங்கியபின் அதை விற்கவும் இல்லை. 'டட்லி நெய்பர்ஸ்' என்ற சமூக நில அறக்கட்டளை நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. குடும்பங்கள் வீட்டை வாங்கலாம், நிலம் 99 வருடக் குத்தகை. வாரிசுக்குக் கொடுக்கலாம். விற்றால் ஒரு வரம்புக்குள்தான் விற்க வேண்டும், அடுத்து வருபவரும் சாதாரண வருமானக்காரராக இருக்க வேண்டும். இந்த முறைக்கு ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் முதல் சமூக நில அறக்கட்டளை 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான், வினோபா பாவேயின் பூதான, கிராமதான இயக்கத்தைப் பார்த்து உந்துதல் பெற்றவர். தனித்தனியாகக் கொடுத்த நிலம் சீக்கிரமே கடன்காரன் கைக்குப் போய்விடுகிறது என்று பூதானத்தில் கற்ற பாடம்தான், நிலத்தை ஊருக்குப் பொதுவாக வைக்கும் கிராமதானமாக மாறியது. அது கடல் தாண்டி டட்லி தெரு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது!

குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல முடியாது. பாஸ்டனில் வீட்டு விலை விண்ணைத் தொட்டபோது, மற்ற தெருக்காரர்கள் விற்றுச் சம்பாதித்த லாபம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. தலைமுறைகளாகச் சொத்துச் சேர்க்க விடாமல் தடுக்கப்பட்ட மக்களுக்கு மறுபடியும் ஒரு வரம்பா என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் 2008இல் கடன் கட்ட முடியாமல் வீடுகள் ஜப்தியானபோது ராக்ஸ்பரியும் டார்செஸ்டரும் பலமாக அடிவாங்கின, அறக்கட்டளை நிலத்தில் இருந்த வீடுகளில் ஜப்தியானவை மிகச் சொற்பம்.

பாஸ்டன் நகராட்சி 2011இல் மேயர் மெனினோ காலத்தில் பிரச்சினைச் சொத்துகளுக்கென்றே போலீஸ், சுகாதாரம், கட்டட ஆய்வு ஆகிய துறைகளை ஒன்றாக உட்காரவைத்து ஒரு பணிக்குழு அமைத்தது. திரும்பத் திரும்பப் புகார் வரும் வீட்டின் உரிமையாளரைப் பிடித்து அபராதம் வசூலிப்பது அதன் வேலை. தேவையான வேலைதான். ஆனால் அங்கே குடியிருப்பவர் புகார் கொடுப்பதோடு சரி, அந்த இடத்தில் அடுத்து என்ன வர வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை.

டட்லியில் இன்று சுமார் 30 ஏக்கர் நிலத்தில் 225க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. திட்டத்தில் வரைந்தபடி பொதுத்திடலும் வந்தது. பாழடைந்து கிடந்த ஒரு பழைய கார் ஒர்க்‌ஷாப் இடத்தில் 2004இல் 10,000 சதுர அடியில் ஒரு கண்ணாடி வீடு திறந்தார்கள். பாஸ்டனின் பனிக்காலத்திலும் அதற்குள்ளே கீரையும் தக்காளியும் விளைகின்றன.