பூங்காவும் வாக்குப் பெட்டியும்

'மக்கள் தேர்ந்தெடுத்தனர்' என்று வரலாற்று ஏடு கூறும்போதெல்லாம், நாம் ஒரு கேள்வியைத் தொடுத்துப் பழகவேண்டும்: எந்த மக்கள்?

அமெரிக்காவின் தென்பகுதியிலே ஜார்ஜியா என்றொரு மாநிலம். 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் அங்கே ஒரு புதுமை நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டுக்கு, மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக, நேரடி வாக்கெடுப்பு நடந்தது. 1787இல் வகுக்கப்பட்ட அரசியல் சட்டம், மாநிலத்துக்கு இருவர் என்று செனட் உறுப்பினர்களை அனுப்பும் பொறுப்பை மாநிலச் சட்டமன்றங்களிடமே ஒப்படைத்திருந்தது. சட்டமன்றத்தை விலைபேச முடிந்தவன் செனட்டுக்கும் போக முடிந்தது. மான்டானா மாநிலத்துச் செம்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க்கின் தேர்வு லஞ்சத்தால் கறைபட்டது, செல்லாது என்று செனட்டின் குழுவே 1900இல் கூறவேண்டி வந்தது. நெடுநாள் கிளர்ச்சிக்குப் பிறகு, 1913 ஏப்ரலில் 17ஆவது திருத்தம் நிறைவேறிற்று. அத்திருத்தத்தின்படி மக்கள் வாக்கால் செனட்டுக்குச் சென்ற முதல் மனிதர், ஜார்ஜியாவின் அகஸ்டஸ் பேக்கன்.

மக்களாட்சிக்கு வெற்றி! மகிழலாம். ஆனால் நம் கேள்வியை மறந்துவிடலாமா?

1910ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜார்ஜியாவில் நூற்றுக்கு 45 பேர் கறுப்பர். அவர்களுள் வாக்குச்சாவடியை நெருங்க முடிந்தவர் மிகச் சிலரே. வாக்களிக்கத் தலைவரி கட்டவேண்டும். கட்டத் தவறினால் பாக்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறும். 1908இல் மற்றொரு பூட்டு வந்தது. வாக்காளன் அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்டவேண்டும், அல்லது நிலமோ சொத்தோ உடையவனாக இருக்கவேண்டும். போர்வீரரின் வழித்தோன்றலுக்கு மட்டும் இந்தச் சோதனை இல்லை! எழுத்தறியாத வெள்ளையன் தாத்தாவின் துப்பாக்கியைக் காட்டி உள்ளே போகலாம். எழுத்தறிந்த கறுப்பன், அதிகாரியின் புருவம் நெரிந்தால் வெளியே நிற்கவேண்டும். போதாதென்று, உண்மையான போட்டி நடைபெற்ற ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தல் வெள்ளையருக்கு மட்டுமே என்றும் விதி. பெண்களுக்கோ, வெள்ளையராயினும் கறுப்பராயினும், அன்று வாக்கே இல்லை. கதவு திறந்ததாகச் சொன்னார்கள். வாசலில் நின்றவரில் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றார்கள்.

அந்தத் தேர்தலில் வென்ற பேக்கன் யார்? அடிமை முறையைக் காக்க எழுந்த தென் மாநிலங்களின் படையில் பணியாற்றியவர். 1914இல் மறைந்தார். தமது மேக்கன் நகருக்கு அவர் உயில்வழி ஒரு பூங்காவை விட்டுச் சென்றார். யாருக்காக? வெள்ளைப் பெண்களுக்கும் வெள்ளைக் குழந்தைகளுக்கும் மட்டும்! கறுப்பரிடம் பகை இல்லையாம். ஆயினும் பழக்கத்தில் இரு இனங்களும் என்றென்றும் பிரிந்தே இருக்கவேண்டுமாம். புல்லுக்கும் நிழலுக்கும் நிறம் தெரியாது. உயில் எழுதிய கைக்குத் தெரிந்தது.

பூட்டுகள் தாமாகத் திறக்கவில்லை. 1944 ஜூலை 4, அமெரிக்கா சுதந்திரத் திருநாள் கொண்டாடும் நாள். கொலம்பஸ் நகரிலே முடிதிருத்தும் தொழில் செய்து வந்த பிரைமஸ் கிங், வெள்ளையர் முதல்நிலைத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றார். திருப்பி அனுப்பப்பட்டார். அவர் நீதிமன்றம் ஏறினார், வென்றார். 1946இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நின்றது. 1945இல் ஜார்ஜியாவின் தலைவரி ஒழிந்தது. பக்கத்து அலபாமாவில், 1965 மார்ச் 7ஆம் நாள், செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் தடியடியில் இரத்தம் சிந்தினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

பூங்கா என்னவாயிற்று? 1966இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கறுப்பரைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உடனே உயிலின் நோக்கமே கெட்டதென்று வாதம் எழுந்தது. 1970இல் அதே நீதிமன்றத்தின் இசைவோடு நிலம் வாரிசுகளிடம் திரும்பிற்று. எல்லோருக்கும் பூங்கா என்றதும், எவருக்கும் பூங்கா இல்லை என்றாயிற்று! ஆதிக்கம் தன் இழப்பைப் பொறுக்கும். பிறரோடு பகிர்வதைப் பொறுக்காது.

வாக்குப் பெட்டியிலும் அதே தந்திரம். 1964இல் ஜார்ஜியா மற்றொரு விதி செய்தது: பாதிக்குமேல் வாக்குப் பெறாதவர் வென்றவராகார், முன்னணியில் நிற்கும் இருவர் மீண்டும் மோதவேண்டும். கேட்பதற்கு நியாயம். ஆனால் இதற்காகச் சட்டமன்றத்தில் முன்னின்ற டென்மார்க் குரூவர், இன வெறுப்பே அன்று தம்மை இயக்கியது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். வெள்ளையர் வாக்குப் பலராய்ப் பிரிந்தால், ஒன்றுபட்ட கறுப்பர் வாக்கு வென்றுவிடுமே என்ற அச்சம்!

அந்த விதியின் கீழேதான் 2021 ஜனவரி 5ஆம் நாள் மறுபோட்டி நடந்தது. ரஃபேல் வார்னாக் சுமார் 51 விழுக்காடு வாக்குப் பெற்று வென்றார். ஜார்ஜியா செனட்டுக்கு அனுப்பிய முதல் கறுப்பர் அவர். அவர் ஒரு மதபோதகர். ஆனால் அவருடைய பிரசங்கத்தைப் பற்றியதன்று நம் பேச்சு, அவருக்கு விழுந்த வாக்கைப் பற்றியது. அவருடைய தாய் இளமையில் பிறர் நிலத்தில் பருத்தி பறித்தவர். தடையாக எழுப்பிய சுவரின்மீதே ஏறி நின்று மகன் வென்றார். 2022 டிசம்பரில் மீண்டும் மறுபோட்டி, மீண்டும் வெற்றி.

இத்தோடு கதை முடிந்ததா? இல்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்ப்பகுதி ஒன்றை உச்சநீதிமன்றம் 2013இலேயே செயலிழக்கச் செய்திருந்தது. 2021 மார்ச்சில் ஜார்ஜியா புதிய தேர்தல் சட்டம் இயற்றிற்று. மறுபோட்டிக்கான ஒன்பது வாரக் காலம் நான்காகச் சுருங்கியது. வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவருக்கு உணவும் தண்ணீரும் வழங்குவதும் குற்றமாயிற்று. அவ்விதியின் ஒரு பகுதியை 2023இல் நீதிமன்றம் தடுக்க நேர்ந்தது.

தோழர்களே! 1913க்கும் 2021க்கும் இடையே 108 ஆண்டுகள். மக்களுக்குத் தேர்தல் கிடைத்தது ஒரு நாளில். தேர்தலுக்கு மக்கள் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டம் உரிமை தந்துவிட்டது என்று சொல்லப்படும்போது, நாம் வாக்காளர் பட்டியலைப் புரட்டுவோம், வரிசையைப் பார்ப்போம். அங்கே யார் இல்லை என்று கேட்போம்.