பவுடர்ப் பேணியும் பைண்ட் செய்த தொடர்கதையும்

ஒரு பாடசாலையின் வரலாற்றை எழுதும்போது அதிபர்களின் பெயர்களையும் கட்டடத் திறப்பு விழாக்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எழுதுகின்றோம். அவை வேண்டியவையே. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் இருந்த பிள்ளைகள் எவற்றுக்கு ஆசைப்பட்டார்கள் என்பதை நாம் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. ஆசைப்பட்டும் கிடைக்காத பொருட்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்தக் கப்பல் வந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது, எந்தப் பொருளுக்குத் தடை வந்தது என்பதெல்லாம் ஒரு மாணவியின் ஆசைப் பட்டியலிலே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் பட்டியலில் இரண்டு வகைப் பொருட்கள் நெடுங்காலம் அருகருகே இருந்து வந்திருக்கின்றன. ஒன்று முகத்துக்குரியது, மற்றது வாசிப்புக்குரியது. பவுடரைக் கேட்டாலும் கதைப்புத்தகத்தைக் கேட்டாலும் வீட்டில் மறுமொழி ஒன்றுதான்: "இப்ப உனக்கு உது என்னத்துக்கு? படிக்கிற வேலையைப் பார்."

எமது சங்கம் தொடங்கிய காலத்தில் அலங்காரம் என்பது பெரும்பாலும் வீட்டிலேயே செய்யப்பட்டது. மஞ்சளும் சந்தனமும் முகத்துக்கு. அரப்பும் எலுமிச்சம்பழமும் முழுக்குக்கு. விளக்குப் புகையைப் பிடித்து எண்ணெயிலே குழைத்தால் கண்மை. சவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி உலர்த்தினால் கறுப்புப் பொட்டு. கடைப் பவுடர் பேணியிலே வந்தது. கொழும்பிலிருந்து வந்தது, அல்லது மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் விடுமுறைக்கு வரும்போது அவர்களின் பெட்டியிலே வந்தது. பவுடர் தீர்ந்தாலும் பேணியை எறிவதில்லை. ஊசி, நூல், சில்லறைக் காசு என்று அதற்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது.

தென்னிந்தியாவுக்கான வழியும் அப்போது திறந்தே இருந்தது. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் கப்பல் இணைத்தது. 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர்கள் விபூதிப் பொட்டலத்தோடு ஐடெக்ஸ் மையையும் நெற்றிச்சாந்தையும் கொண்டுவந்தார்கள். அவற்றோடு சஞ்சிகைகளும் வந்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தபோது, பக்கங்களைக் கவனமாகக் கழற்றி அடுக்கி, கதை முடிந்ததும் பைண்ட் செய்துவைத்த வீடுகள் பல. மணியம் வரைந்த சித்திரங்கள் அந்தப் பக்கங்களில் இருந்தமையால், பின்னர் நூலாக வந்த பதிப்பைவிட அந்தத் தொகுப்புக்கே மதிப்புக் கூட. இரவல் கொடுத்தவர்கள் திகதி குறித்துவைத்தே கொடுத்தார்கள். மகளுக்குச் சீதனமாக நகையும் காணியும் போன காலத்தில், அந்தத் தொகுப்பு மட்டும் தாய்வீட்டு அலுமாரியிலேயே இருந்தது.

1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு வாசனைப் பொருட்கள் கடைகளிலே அருகின. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்து மாணவியின் பட்டியலில் இந்த இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. ஆனால் விளைவு ஒன்றாக இருக்கவில்லை. பவுடரின் இடம் வெறுமையாக இருந்தது; புத்தகத்தின் இடத்தை எங்கள் எழுத்தாளர்கள் நிரப்பினார்கள். வீரகேசரிப் பிரசுரங்கள் வரிசையாக வந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி' ஆகிய நாவல்கள் அவ்வரிசையில் வந்தவையே. தஞ்சாவூரையும் காஞ்சிபுரத்தையும் கதைகளில் அறிந்திருந்த பிள்ளைகள், நெடுந்தீவையும் தண்ணிமுறிப்பையும் கதைகளில் கண்டார்கள். அன்று சில ரூபாய்க்கு விற்ற அந்த மெல்லிய நூல்களின் முதற்பதிப்பைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் திரிகின்றார்கள்.

1977 இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கியூட்டெக்ஸும் லிப்ஸ்ரிக்கும் ஸ்ரிக்கர் பொட்டும் மீண்டும் கடைகளில் நிறைந்தன. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் வாசிப்பின் பக்கத்தில் பெரும் இழப்பு நேர்ந்தது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அதுவரை "வாங்க முடியாத புத்தகம்" என்று ஒன்று இருந்தது. அதன்பின் "இனி எங்குமே இல்லாத புத்தகம்" என்று இன்னொன்று பட்டியலிலே சேர்ந்தது. முன்னதற்குக் காசு சேர்க்கலாம். பின்னதற்கு எவ்வளவு காசும் போதாது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பின்னர் கிளாலிக் கடலேரியைப் படகிலே கடக்க வேண்டியதாயிற்று. மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை எனத் தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியிலே உடுப்புத் தோய்த்தோம். பத்திரிகைகூடக் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகியது. அக்காலத்தில் நானும் இக்கல்லூரியில் படித்தேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஆசைப் பட்டியல் எழுதுவது எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு. என் பட்டியலில் முதலாவது சிவப்பு லிப்ஸ்ரிக். இரண்டாவது 'பொன்னியின் செல்வன்', ஐந்து பாகமும் ஒன்றாக. வகுப்பில் எவரிடமும் ஐந்தும் இருக்கவில்லை. கிடைத்த பாகத்தைக் கிடைத்த ஒழுங்கில் ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தோம். முதலாம் பாகத்துக்கு முன்னர் நான்காம் பாகத்தை வாசித்தவர்கள் எங்களில் உண்டு.

இன்று நினைத்துப் பார்க்கும்போது அந்தப் பட்டியல்களில் இல்லாதவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மருந்து இல்லை. அவையெல்லாம் வீட்டுப் பெரியவர்களின் பட்டியலில் இருந்தன. நாங்கள் லிப்ஸ்ரிக்கை எழுதினோம். வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக இருந்த எங்களுக்கு அதைப் பூசிக்கொண்டு போக ஓரிடமும் இருக்கவில்லை. இதற்குப் பின்னரும் ஒரு வாழ்க்கை உண்டு என்று நம்புகின்றவர்களே இப்படிப் பட்டியல் எழுதுவார்கள். அற்ப ஆசை என்று அன்று கண்டிக்கப்பட்டதை நான் இப்போது அப்படித்தான் வாசிக்கின்றேன்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். சைக்கிளிலே உறுதிகளும் சான்றிதழ்களும் நகைகளும் உடுப்பும் ஏறின. புத்தகங்கள் பாரம். பைண்ட் செய்த தொடர்கதைகளும், கல்லூரி இலச்சினை ஒட்டிய பரிசுப் புத்தகங்களும், ஓட்டோகிராப் கொப்பிகளும் அலுமாரியிலேயே நின்றன. திரும்பி வந்தபோது பல வீடுகளில் அலுமாரியே இருக்கவில்லை.

இன்று தடை எதுவும் இல்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பெட்டிகளில் எல்லா நிறத்திலும் லிப்ஸ்ரிக் வருகின்றது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வைத்தியராக என்னைக் கவலைப்படுத்துவது, இன்றைய பட்டியலில் முன்னுக்கு வந்து நிற்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள். உள்ளடக்கம் சரியாகக் குறிப்பிடப்படாமல் விற்கப்படும் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அது தோலின் நிறப்பொருள் உருவாவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் பாதிக்கும். பூசுபவரோடு நின்றுவிடாமல் அதே வீட்டில் வாழும் குழந்தைகளையும் சென்றடையும். வேறு சிலவற்றில் வீரியம் மிக்க ஸ்ரெரொயிட் இருக்கும். முதல் வாரங்களில் முகம் பளபளக்கும், பின்னர் தோல் மெலிந்து சிவந்து பருக்கள் மூடும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். 2013 இன் மினமாற்றா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை விலக்க வேண்டுமென்று வகுத்திருப்பது இதனால்தான்.

லிப்ஸ்ரிக்குக்கும் இந்தக் கிறீமுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. லிப்ஸ்ரிக்கை விரும்பிய பிள்ளை தன் முகத்தோடு விளையாட விரும்பினாள். வெள்ளையாக்கும் கிறீமை விரும்பும் பிள்ளைக்கு, அவளுடைய முகம் போதாது என்று யாரோ முன்னரே சொல்லிவிட்டார்கள். விளம்பரம் சொல்லியிருக்கலாம், கலியாணப் பேச்சில் பெரியவர்கள் சொல்லியிருக்கலாம். "நிறம் கொஞ்சம் குறைவு" என்ற வார்த்தையை எங்கள் தலைமுறையோடு நிறுத்திவிட முடியும். அதற்கு மருந்தோ பணமோ தேவையில்லை.

பட்டியலின் மறுபாதிக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் மின்வடிவில் சேர்த்து எவரும் வாசிக்கத் தருகின்றது. எரிந்தவை எல்லாம் மீளப்போவதில்லை. ஆனால் ஸ்காபரோவிலோ சிட்னியிலோ ஓர் அலுமாரியின் அடித்தட்டில், எவரோ கொண்டுபோன பழைய கல்லூரி மலர் ஒன்று, முதற்பதிப்பு நாவல் ஒன்று, அட்டை கழன்ற ஓட்டோகிராப் ஒன்று இருக்கக்கூடும். நீங்கள் பத்திரமாக வைத்திருப்பது நல்லதே; அதன் ஒரு பிரதி எல்லோருக்கும் கிடைப்பது அதனிலும் நல்லது.

அத்தோடு இன்னுமொரு வேண்டுகோள். நீங்கள் படித்த ஆண்டையும் வகுப்பையும் எழுதி, அப்போது மிகவும் ஆசைப்பட்ட ஒரு பொருளையும் ஒரு புத்தகத்தையும் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கிடைத்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். இரண்டு வரி போதும். எண்பது வயது அக்காவின் இரண்டு வரியும் சென்ற ஆண்டு வெளியேறிய தங்கையின் இரண்டு வரியும் ஒரே பக்கத்தில் வரும்போது, கட்டடங்களின் வரலாற்றில் இல்லாத ஒரு கல்லூரியை நாம் காண்போம்.