சுவரின் நஞ்சும் வீட்டுடைமையாளரின் பொறுப்பும்

வாடகைக்கு விட்ட வீட்டின் சுவரில் நஞ்சிருப்பின் அதற்குப் பொறுப்பாளி யார்? ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பல்ட்டிமோர் நகரம் இவ்வினாவோடு அரை நூற்றாண்டுக்கு மேல் போராடியது.

ஈயம் கலந்த வர்ணம் நீடித்து உழைப்பது. அதனாலேயே விரும்பிப் பூசப்பட்டது. காலஞ் செல்ல அது செதில் செதிலாக உதிரும். யன்னலைத் திறந்து மூடுந்தோறும் உராய்ந்து தூசியாகும். இனிப்புச் சுவையுடைய அச்செதில்களைத் தவழும் குழந்தை வாயிலிடும். உடலிற் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும்; அக்கேடு பெரும்பாலும் மீளாதது.

1951 இல் பல்ட்டிமோர், வீடுகளின் உட்புறத்தில் ஈய வர்ணம் பூசுவதைத் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான தடை 1978 இலேயே வந்தது. ஆயின் தடை, இனிப் பூசுவதற்கேயன்றி முன்னர் பூசியதற்கன்று. பழைய தொடர்வீடுகளின் சுவர்கள் அவ்வண்ணமே நின்றன. அவற்றில் வாடகைக்கிருந்தோர் வறியோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை இவர்களுக்கு உதவவில்லை. வீட்டை உள்ளபடியே ஏற்றவன் அதன் குறைகளையும் ஏற்றவனாவான் என்பது அக்கொள்கை. உதிரும் வர்ணத்தை நகர வீடமைப்பு விதிகள் தடுத்திருந்தும், உடைமையாளர் அந்நிலையை அறிந்திருந்தார், அல்லது அறியக் காரணமிருந்தது என வழக்காளியே நிறுவவேண்டுமென 1994 இல் மாநில உயர் மன்று தீர்த்தது. தன் சுவரைப் பாராதவனுக்கே சட்டம் துணைநின்றது எனல் மிகையாகாது.

அதே ஆண்டிற் சட்டசபை ஒரு பண்டமாற்றை வகுத்தது. 1950க்கு முற்பட்ட வாடகை வீடுகளைப் பதிவுசெய்து, ஆபத்தைக் குறைக்கும் நியமங்களை நிறைவேற்றும் உடைமையாளர், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு உச்சமாக 17,000 டொலர் வழங்க முன்வரின், வழக்கிலிருந்து விடுபடலாம். மருத்துவச் செலவும் வேறு வீடு புகும் செலவும் அத்தொகையில் அடங்கின. பெற்றோர் அதனை மறுப்பினும் உடைமையாளருக்குரிய காப்பு நீங்காது. வாழ்நாள் முழுவதும் தொடரும் ஊனத்துக்கு இது விலையா?

2003 இல் மன்று தன் முன்னைய நிலையைக் கைவிட்டது. நகர விதி மீறப்பட்டிருப்பின், உடைமையாளர் அறிந்திருந்தமையைத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. 2011 இல் அதே மன்று, 17,000 டொலர் மிகச் சொற்பமென்றும், அதற்கீடாக வழக்குரிமையைப் பறித்தல் மாநில அரசியலமைப்புக்கு முரணென்றும் கண்டு, அக்காப்பினை நீக்கியது. சட்டத்தின் எஞ்சிய பகுதிகள் நிலைத்தன. 2015 முதல் 1978க்கு முற்பட்ட வாடகை வீடுகளுக்கும் அவை விரிக்கப்பட்டன.