சமயம் துறந்தும் இறைவனைத் துறவாதவர்

சமயத்தை விட்டு விலகுகிறவர் கடவுளையும் விட்டு விலகுகிறாரா? திருச்சபையை விட்டு அகலும் நம் இளைஞரைக் குறித்து எழும் இவ்வினாவை ஆராய, கடலூர் மாவட்டத்து வரலாறு ஒன்று நமக்குத் துணைபுரிகிறது.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் சைவப் பற்றில் வளர்ந்தவர். தில்லைக் கூத்தனைப் பாடியவர். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867இல் வடலூரில், சாதி சமய வேறுபாடின்றிப் பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமச்சாலையைத் தொடங்கினார். 1872இல் எழுந்த சத்திய ஞான சபையில் சிலை இல்லை. ஒளியே வழிபாட்டின் மையமாயிற்று.

எதிர்ப்பு சைவத்திற்குள்ளிருந்தே வந்தது. அவருடைய பாடல்கள் 'திருவருட்பா' எனப் பெயர் பெற்றதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். நாவலர் நமக்கு அயலார் அல்லர். பெர்சிவல் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1869இல் இப்பூசல் சிதம்பரத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. மறைநூலுக்கு எல்லை வேண்டும் என்னும் கவலை திருச்சபைக்கும் உரியதாகையால், நாவலரை நாம் எள்ளுதல் தகாது.

1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் அடிகள் ஆற்றிய பேருபதேசம் இறுதி முறிவைக் காட்டுகிறது. வேதம், ஆகமம், புராணம், சைவம், வைணவம் ஆகிய எதிலும் பற்று வைக்கலாகாது என்றார். தமக்கும் முன்பு சைவத்தில் மிகுந்த பற்று இருந்ததை மறைக்கவில்லை. ஆயினும் கடவுளை அவர் விடவில்லை. அருட்பெருஞ்ஜோதி என்று இன்னும் இறுகப் பற்றினார். 1874 ஜனவரியில் அறைக்குள் சென்றவர் மீண்டும் வெளிப்படவில்லை.

அவர் நீத்த சமயமோ அவரைத் தொடர்ந்தது. பின்னாளில் ஞான சபைக்குள் ஆகம முறை வழிபாடு புகுந்தது. அது அடிகளின் கொள்கைக்கு முரண் என்று 2006இல் அறநிலையத்துறை ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆனால் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

சபையைக் கிறிஸ்துவின் சரீரமாக அறிக்கையிடும் நாம் அடிகளின் முடிவை அப்படியே ஏற்க இயலாது. எனினும், இந்த மலையிலுமல்ல, எருசலேமிலுமல்ல என்று சமாரியப் பெண்ணிடம் உரைத்த ஆண்டவர், பசித்தவனுக்கு அளித்த உணவைக்கொண்டே நியாயந்தீர்ப்பதாகவும் கூறினார். ஆகவே, விலகுகிறவரின் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதற்கு முன், அவர் எதை விடுகிறார், எதை விடாமல் பற்றுகிறார் என்று கேட்டறிவது போதகராகிய நம் கடமை.